ம் கொட்ட ஓர் ஆள்

இந்த பஸ்ஸின் ஆறு டயர் மேல் சத்தியம், ஸ்டெப்னி மேலும் சத்தியம், நான் சொல்லப்போவது அத்தனையும் நிஜம். சத்தமாகத்தான் சொல்கிறேன் தம்பி, முன் சீட்டுக்காரர்களும் கேட்கட்டும். பாருங்கள், திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தாராபுரம் கோயமுத்தூர் ரூட்டில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவன். அவிநாசியப்பன் என்று பெயர். அதைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. புளுகு கண்டக்டர் என்றால் குண்டடத்தில் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

அந்தப் பெயர்தான் இன்றைக்கு என் கழுத்தை அறுக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சட்டைப் பையில் போன் சுடுகிறது. அது கிடக்கட்டும், நீங்கள் அதைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காருங்கள். ஜன்னலை மூடிவிடலாமா? காற்று இரைச்சலில் பேச்சு சரியாக விழாது. யாருக்கு விழாது என்கிறீர்களா? உங்களுக்குத்தான். வேறு யாருக்கு?

கையில் இவ்வளவு பெரிய போன் வைத்திருக்கிறீர்களே, வீடியோ கேம் ஆடுவீர்களா? ஆடமாட்டீர்களா? நானும் ஆடினவன் இல்லை. ஆனால் நான் ஒரு வீடியோ கேமுக்குள் இருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஸ்டெப்னி மேல் சத்தியம் செய்திருக்கிறேன்.

சாதிக் என்று ஒரு பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது ஆள், எனக்குப் பையன். சரவணம்பட்டியில் சின்னதாக ஒரு கேம் கம்பெனி வைத்திருந்தான். ஒருநாள் இதே மாதிரி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான். நான் நொய்யல் வெள்ளக் கதையை எடுத்து விட்டேன். உங்களுக்குத் தெரியாதே, சுருக்கமாகச் சொல்கிறேன். நொய்யலில் வெள்ளம் வந்து பாலம் மூழ்கிப்போன வருஷம், டிரைவர் பிரேக் போட மறந்து பஸ் ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. நான் விசிலடித்தேன். ஆளுக்கொரு குடையை ஜன்னல் வழியாக நீட்டித் துடுப்புப் போடுங்கள் என்றேன். போட்டார்கள். அக்கரை ஏறினோம். ஏறினதும் எண்ணிப் பார்க்கிறேன், டிக்கெட் வாங்காமல் ஒரு ஆள் அதிகம். யார் என்று பார்த்தால் பின் சீட்டில் ஒரு கெண்டை மீன். ஜன்னல் ஓரமாக, மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

சாதிக் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டான். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "தாத்தா, உங்களுக்கு என் கேமுல ஒரு வேலை இருக்கு, வர்றீங்களா?"

அவன் சொன்ன நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. "கேம் படத்துல இனிமே ஜெயிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல தாத்தா. இலையில பனித்துளி வந்தாச்சு, குதிரைக்கு வேர்வை வந்தாச்சு, அந்த வேர்வையில வெயில் பட்டு மின்னறது வந்தாச்சு. ஆனா அந்தக் குதிரைக்காரங்கிட்டப் போயி, எங்க வீட்டுல ஒரு சாவுன்னு சொல்லுங்க, வாள் வேணுமாம்பான். நூறு தடவ சொன்னாலும் வாள் வேணுமாம்பான். அடுத்து வரப்போற ஆட்டம் கண்ணுக்கு இல்ல தாத்தா. காதுக்கு."

அவன் ஆட்டத்தின் பெயர் கடைசி பஸ். படம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கரும்பலகையில் சாக்பீஸால் கிறுக்கின மாதிரி நாலு கோடு. ஒரு பஸ் ஸ்டாப், ஒரு விளக்குக் கம்பம், குடை வைத்துக்கொண்டு ஒரு கிழவன். கிழவனுக்கு மூஞ்சிகூட இல்லை. ஆடுகிறவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அங்கே வந்து நிற்கிறார். கிழவன் கதை விடுவான். கேட்கலாம், பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம். ஆனால் பஸ் வர வேண்டும் என்றால் ஆடுகிறவர் பேச வேண்டும். இதுவரை ஒருத்தரிடமும் சொல்லாத எதையாவது வாய்விட்டுச் சொன்னால் தூரத்தில் ஹாரன் கேட்கும். பஸ் வரும். அவ்வளவுதான் ஆட்டம். சுடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

"நிஜமா பொய்யான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். தொழில்காரன் கேட்கிற கேள்வி அல்லவா?

"தெரியாது தாத்தா. ஆனா பொய் சொல்றப்ப வாய் தங்குதடையில்லாமப் போகும். மனசுல இருக்கறதச் சொல்றப்ப தடுமாறும். வார்த்தையத் தேடும், மூச்சு நிக்கும். மெஷின் அதத்தான் பிடிக்குது" என்றான்.

நான் ஒருநாளும் தடுமாறினதில்லை. அதனால்தான் என்னைக் கிழவனாகப் போட்டான்.

முதல் நாள் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து மைக்கை நீட்டினார்கள். வாயைத் திறந்தேன். வரவில்லை. நொய்யல் வற்றிக்கிடக்கிறது. எதிரில் ஆள் இல்லாமல் எப்படிக் கதை வரும்? ம் கொட்ட ஓர் ஆள் வேண்டாமா? கதை சொல்கிறவன் சொல்லச்சொல்லக் கேட்கிறவர் ம் போடவில்லை என்றால் அங்கேயே கதை நின்றுவிடும், அது நம் பக்கத்துப் பழக்கம். ரோசலின் என்று ஒரு பெண், சத்தம் பதிகிறவள், அவளை எதிரில் உட்கார வைத்தார்கள். அவள் போட்ட ம், போஸ்ட் ஆபீஸில் முத்திரை குத்தின மாதிரி. ம், ம், ம். மீன் பஸ்ஸில் ஏறினாலும் அதே ம், இறங்கினாலும் அதே ம்.

"வீட்டுல இருந்து எங்க அம்மணியக் கூட்டியாறேன், அப்பப் பாருங்க" என்றேன்.

தெய்வாத்தாள் வந்தாள். என் சம்சாரம். வந்தவள் சும்மா வரவில்லை, மஞ்சப்பையில் முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். "சும்மா உக்காந்து இவரு புளுகக் கேக்கறதுக்குக் கீரையாவது ஆகட்டுமுங்க" என்று சாதிக்கிடம் சொல்லிவிட்டு, கண்ணாடி அறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை உருவ ஆரம்பித்தாள். கதை பிய்த்துக்கொண்டு வந்தது தம்பி! ஆடி தொடங்கிக் கார்த்திகை வரைக்கும், கிழமைக்கு இரண்டு நாள். அவள் உருவ உருவ நான் விட்டேன்.

பல்லடம் வந்துவிட்டதா? இறங்குகிறவர்கள் இறங்கட்டும். நீங்கள் சிங்காநல்லூர்தானே? நல்லது.

அப்புறம் வந்தது சிக்கல். கிழவன் கதை சொன்னால் மட்டும் போதாது, ஆடுகிறவர் பேசும்போது கிழவனும் ம் கொட்ட வேண்டுமாம். ரோசலின் எதிரில் உட்கார்ந்து, "நான் எதாவது சொல்றேன், நீங்க ம் மட்டும் சொல்லுங்க தாத்தா" என்றாள். ஸ்கூட்டியில் போய் விழுந்த கதையைச் சொன்னாள். நான் ஒரு ம் போட்டேன். இரண்டாவது ம் வருவதற்குள், "என்ன வண்டி அது? நான் ஒருக்கா ஊட்டி மலையில சைக்கிள்ல வர்றப்ப ஒரு காட்டெருமை லிஃப்ட் கேட்டுச்சு" என்று கிளம்பிவிட்டேன். மறுபடியும் முதலில் இருந்து. மறுபடியும் காட்டெருமை. ஒரு நாள் பூராவும் இதே கதை. அது ஒரு வேலையா தம்பி? ஒருத்தர் பேசுகிறார், நாம் சும்மா இருப்பதா? எனக்குப் பழக்கமில்லை. எனக்கு அது அவசியமும் இல்லாமல் போயிற்று.

சாதிக் சிரித்துக்கொண்டே சொன்னான். "விடுங்க தாத்தா, அம்மா போட்ட ம் எல்லாம் டேப்புல இருக்கு. அதையே கொஞ்சம் கனமாக்கிக் கிழவனுக்கு வெச்சுக்கறோம்."

அப்படித்தான் நடந்தது. கடைசி பஸ்ஸில் கிழவன் பேசினால் நான். கேட்டால் தெய்வாத்தாள்.

எத்தனை ம் என்கிறீர்கள்! ரோசலின் பிரித்து அடுக்கினாள். அப்புறம் என்ன ஆச்சு ம். போதும் நிறுத்து ம். புளுகுகிறாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லு ம். என் பங்குக்கு அதுதான் அதிகம். எல்லாவற்றுக்கும் பின்னால் கீரை உருவுகிற சத்தம் லேசாக இருக்கும், சரக் சரக்கென்று. நடுவில் ஒரு வளையல். எடுக்க முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதில் ஒரு ம் மட்டும் நான் கேட்டதில்லை. நான் டீ குடிக்கக் கீழே போயிருந்தபோது, ரோசலின் அவளிடம் எதையோ சொல்லியிருக்கிறாள். ரோசலினுக்கு வயிற்றிலேயே ஒரு குழந்தை போயிருந்ததாம். அவள் புருஷனிடம்கூடச் சரியாகப் பேசாத சங்கதி. மைக் திறந்தே கிடந்திருக்கிறது. அப்போது தெய்வாத்தாள் போட்ட ம். ரோசலின் சொன்னாள். "அந்த ஒரு ம் போதும் தாத்தா, அதுலதான் எங்க கேமே நிக்குது." ஆடுகிறவர் தடுமாறி நிற்கும்போது கிழவன் அந்த ம் போடுவான். உடனே ஹாரன் கேட்கும்.

நாற்பது வருஷம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் அவளிடம் ஒரு ம் இருந்திருக்கிறது. நம்புவீர்களா? நான் நம்பவில்லை. ரோசலின் சின்னப்பெண், எதையோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு சத்தம் கேட்டதா? இல்லையா? இஞ்சின் சத்தமாக இருக்கும். போன் சுடுகிறது. இருங்கள், கர்ச்சீப்பை இடையில் வைத்துக்கொள்கிறேன். கெட்டுப்போனால் இன்றைக்கு என் பிழைப்பே போயிற்று.

நீங்களும் ஒரு ம் கூடப் போடவில்லை, பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். மைல்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள். பரவாயில்லை.

எனக்கு ஒரே மகள், சுகந்தி. கனடாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் போடுவாள். அந்த வருஷம் தை மாதத்தில் தெய்வாத்தாளுக்கு உடம்பு கொஞ்சம் முடியவில்லை. சுகந்தி கேட்டாள், "அம்மா எங்கீங்கப்பா?" எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம், பனியில் வேலைக்குப் போகிற பிள்ளையிடம் என்னத்தைச் சொல்வது? "கெணத்துல ஆடு விழுந்திருச்சு கண்ணு, அம்மா கயிறு எடுத்துட்டுப் போயிருக்கா" என்றேன். அடுத்த வாரம், "ஆட்டத் தூக்கறப்ப ஆடு அம்மாவத் தூக்கிருச்சு, சந்தைக்கு ஓடீருச்சு" என்றேன். அதற்கடுத்த வாரம் அம்மா ஆட்டின் மேல் உட்கார்ந்து பழனிக்கே போய்விட்டாள். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். எவ்வளவு அழகாகச் சிரிப்பாள் தெரியுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்பேன். பிள்ளையைச் சிரிக்க வைத்தேன். அதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம், முதலில் முழுசாகக் கேளுங்கள்.

சுகந்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாம்பலைக்கூடக் கரைத்தாயிற்று. பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "இதுக்கும் ஒரு கதை வெச்சிருக்கீங்களாப்பா?"

அதற்குப் பிறகு போன் இல்லை. நான் போட்டாலும் எடுப்பதில்லை.

கடைசி பஸ் வெளியே வந்தது. பெரிய ஓட்டம் என்று சொல்ல முடியாது, பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒருநாள் சாதிக் கூப்பிட்டான். "தாத்தா, கனடாவுல இருந்து ஒருத்தங்க வாராவாரம் நம்ம பஸ் ஸ்டாப்புக்கு வர்றாங்க. எல்லாரையும் விட அதிக நேரம் நிக்கறாங்க. பேரு சுகின்னு வெச்சிருக்காங்க. உங்க பொண்ணா?"

என் மகள்தான்! சின்னதில் அப்படித்தான் கூப்பிடுவோம். தெருவே கேட்கக் கத்தினேன். கோபம் கோபம் என்றாலும் அப்பன் கதையைக் கேட்காமல் இருக்க முடியவில்லை பார்த்தீர்களா!

சாதிக் இழுத்தான். "அது வந்து தாத்தா... அவங்க கதையக் கேக்கறதில்ல. ஒவ்வொரு தடவையும் தள்ளி விட்டர்றாங்க. அவங்கதான் பேசறாங்க. என்ன பேசறாங்கன்னு நாங்க கேக்க மாட்டோம், அது அவங்களோடது. எவ்வளவு நேரம், பஸ் வந்துச்சா இல்லையா, அது மட்டுந்தான் தெரியும்."

"பஸ் வந்துச்சா?"

"தடவ தவறாம வருது. ஏற மாட்டேங்கறாங்க. பஸ்ஸ அனுப்பிச்சுட்டு நின்னுக்கறாங்க."

தள்ளிவிடுகிறாள் என்பதெல்லாம் மெஷின் தப்புக் கணக்கு. என் மகளை எனக்குத் தெரியாதா? கதைக்குத்தான் வந்தாள். ஆனால் பாருங்கள், அங்கே மூஞ்சி இல்லாத ஒரு கிறுக்கல் கிழவனிடம் மணிக்கணக்காகப் பேசுகிறாள், இங்கே ரத்தமும் சதையுமாக ஒரு அப்பன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரியாதா?

நேராகச் சரவணம்பட்டிக்குப் போனேன். "ஒரே ஒரு தடவை என்னைக் கிழவன் எடத்துல உக்கார வைப்பா" என்றேன். முடியாது என்றான். அது நம்பிக்கைத் துரோகம் என்றான். காலில் விழாத குறை. கடைசியில், எனக்கு ஈரலில் கட்டி, டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்று ஒன்றை எடுத்து விட்டேன். சாதிக் கண்ணில் தண்ணீர். சரி என்றுவிட்டான்.

நமக்குக் காலை, அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம். காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தாள். மகள் குரல் தம்பி! எத்தனை மாசத்துக்கு அப்புறம்! "தாத்தா, இன்னைக்குக் கடையில முருங்கைக்கீரை வந்திருந்துச்சு. ஐஸ் கட்டியாட்டம். வாங்கிட்டு வந்தேன்" என்றாள்.

"ம்" என்றேன்.

கொஞ்சம் நிறுத்தினாள். "தொண்ட கட்டிக்கிச்சாங்க தாத்தா?" என்றாள். சாதிக் எனக்குக் கையைக் காட்டினான், பேசாதீர்கள் பேசாதீர்கள் என்று. நான் பேசவில்லை. இன்னொரு ம் போட்டேன். சுகந்தி சொன்னாள். "வாங்கிட்டு வந்து உருவ உக்காந்தனா, கை ஓடல. எங்கம்மா இருந்தப்ப... எங்கம்மா..." அவ்வளவுதான், குரல் உடைந்துபோயிற்று. பெற்ற பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு எந்த அப்பன் சும்மா இருப்பான்? "அழுவாத கண்ணு, ஒருக்கா நொய்யல்ல வெள்ளம் வந்தப்ப" என்று ஆரம்பித்தேன்.

அழுகை சட்டென்று நின்றது.

அப்புறம் கேட்டாள். "பின்னாடி கீரை உருவற சத்தம் வருமே. அது எங்க?"

அவசரமாக இன்னொரு ம் போட்டேன்.

"அப்பாங்களா?" என்றாள்.

போய்விட்டாள். பஸ் வரவில்லை. அதற்குப் பிறகு பஸ் ஸ்டாப்புக்கே வருவதில்லை. என் நம்பரையும் அடைத்துப் போட்டுவிட்டாள். இப்போது நான் கூப்பிட்டால் மணிகூட அடிப்பதில்லை.

என்ன கேள்வி கேட்டாள் பாருங்கள். அப்பன் இருக்கிறானா என்று பார்க்கவில்லை, கீரை எங்கே என்கிறாள்.

சூலூர் தாண்டியாயிற்றா? அய்யோ, சீக்கிரம் வந்துகொண்டிருக்கிறான் இந்த டிரைவர். எங்கள் காலத்து டிரைவர் என்றால் சூலூரில் டீ குடிப்பார். கேளுங்கள், கேளுங்கள், இனிமேல்தான் முக்கியம்.

சாதிக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. பெயர் வேண்டாம். அவர்களுக்குச் சாக்பீஸ் கோடு ஆகாது. கிழவனுக்கு மூஞ்சி வேண்டுமாம். என் மூஞ்சியே வேண்டுமாம். சுற்றிலும் கேமரா வைத்துப் படம் பிடித்து, மூக்கின் மேல் இருக்கிற மருவில் இருந்து காதில் முளைத்த மயிர் வரைக்கும் அப்படியே வைக்கப் போகிறார்கள். மழை பெய்தால் என் மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக நிற்குமாம். சாதிக் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான், படத்தில் ஒன்றுமில்லை, காதில்தான் இருக்கிறது என்று. கேட்கவில்லை. அதற்குத்தான் இன்றைக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குத்தான் இந்தப் புதுச்சட்டை.

நான் குதித்தேன், உள்ளதைச் சொன்னால் என்ன. என் மூஞ்சி ஊர் ஊராகப் போகிறதே! அப்புறம் முந்தாநாள் சாதிக் போன் போட்டான். "தாத்தா, உங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியல. ம் எல்லாத்தையும் மாத்தறாங்க. பழசுல கீரைச் சத்தம் வருதாம், சுத்தமில்லையாம். மெஷினே புதுசா, சுத்தமா போட்டுக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட பழையது மொத்தமும் அழிஞ்சிரும். நான் எடுத்துக் குடுக்கலாம்னா எனக்கே உள்ள போறதுக்கு வழியில்ல இப்ப."

இன்றைக்கு என்ன கிழமை? வெள்ளி.

அந்தப் பெரிய கம்பெனி மேனேஜரை போனில் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகப் பேசினேன். "சாமி, அது என் பொண்டாட்டிங்க. செத்துப்போயிட்டாளுங்க. அந்த ம் ஒண்ணுதானுங்க மிச்சம். மூஞ்சி எத்தனை வேணுமோ எடுத்துக்குங்க, அத மட்டும் விட்டுருங்க" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "செம ஸ்டோரி தாத்தா! பயங்கரம்! வெள்ளிக்கிழமை வர்றப்ப இதையும் ரெக்கார்ட் பண்ணிக்கலாம்" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். ஆடு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனது என்றால் நம்புகிறார்கள். இதை நம்பமாட்டேன் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினாலும் அடுத்தது என்ன என்று கேட்பார்கள்.

சாதிக் ஒரு வழி சொன்னான். "நீங்க போன்ல ஆடறப்ப, காதால கேட்ட ம் எல்லாம் உங்க போன்லயே தங்கிரும் தாத்தா. கேக்காததுதான் அழியும். சாயங்காலத்துக்குள்ள எதையெல்லாம் கேக்க முடியுமோ கேட்டுக்குங்க." முந்தாநாளில் இருந்து அதுதான் வேலை. சோறு தண்ணி இல்லை. என்னையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எனக்கே கதை சொல்கிறேன். அவள் ம் போடுகிறாள். மீன் கதை, காட்டெருமைக் கதை, எல்லாம் சொன்னேன். எல்லா ம்மும் வந்துவிட்டது. அந்த ஒன்றைத் தவிர.

டீ குடிக்கப் போனபோது போட்டாளே, அது. சுகந்திக்குத் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்ததே, அது. அது மட்டும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. தடுமாற வேண்டுமாம். எனக்கு எங்கே தடுமாறுகிறது? அழுதுகூடப் பார்த்தேன். எனக்குத்தான் அழவும் நன்றாக வருமே. மெஷின் போட்டது எந்த ம் தெரியுமா? புளுகுகிறாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லு.

எதைச் சொல்வது தம்பி? என்னிடம் வேறு என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியில்கூட நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று. கடைசி நாள்கூட மீன் கதைதான். அவளுக்கு அது பிடிக்கும். பிடிக்கும் என்றுதான்... சொல்லிக்கொண்டே வருகிறேன், குடையை நீட்டியாயிற்று, அக்கரை ஏறுகிற இடம். அப்போது அவள், "ஏனுங்க" என்றாள். என்னைக் கூப்பிட்டாள். ஏதோ... ஏதோ சொல்ல வந்தாள். நான், இரு இரு, மீன் வருகிற இடம், முடித்துவிடுகிறேன் என்று... முடித்துவிட்டுப் பார்த்தால்...

என்ன சொல்ல வந்திருப்பாள்? தண்ணீர் கேட்டிருப்பாளோ? சுகந்தியைக் கேட்டிருப்பாளோ? ஒரு வார்த்தை. ஏனுங்க, அவ்வளவுதான். அதற்கு அப்புறம் ஒன்று இருந்தது. அது என்ன... அது எனக்கு...

இருங்கள்.

இருங்கள் தம்பி, அசையாதீர்கள்.

கேட்டதா? இப்போது கேட்டதா, இல்லையா? பையில் இருந்துதான். ஆமாம், திறந்தே வைத்திருக்கிறேன், குண்டடத்தில் ஏறியதில் இருந்து ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்களிடம் சொன்னால் அவளுக்கும் விழும் என்றுதான் உங்களைப் பிடித்தேன். சுவரைப் பார்த்துச் சொன்னால் எனக்கு வாய் வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தாருங்கள், காதில் வைத்துப் பாருங்கள். கடைசியாக வந்தது. திரும்பப் போடுகிறேன். கீரைச் சத்தம் கேட்கிறதா, சரக்கென்று? அதற்குப் பின்னால் ம் என்கிறாளே. அது எந்த ம்? அதுதானா, இல்லை புளுகுகிறாய் என்கிற ம்மா? எனக்குப் பிரித்துத் தெரியவில்லை தம்பி. ஒருநாளும் நான் காதை வைத்துக் கேட்டதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் என்னவோ சத்தம். ஹாரன். நம் டிரைவர் அடித்ததா, பைக்குள் அடித்ததா?

சிங்காநல்லூர் வந்துவிட்டது. இறங்கிவிடாதீர்கள், ஒரு நிமிஷம். உங்கள் பெரிய போனை எடுங்கள். இந்த ம் எல்லாவற்றையும் என் போனில் இருந்து உங்கள் போனுக்கு வாங்கி, இந்தக் கனடா நம்பருக்கு அனுப்பிவிடுங்கள். என் நம்பரில் இருந்து போனால் அடைத்திருக்கிறாள், போகாது. கதை ஒன்றும் வேண்டாம், நொய்யல் வேண்டாம், என் பேச்சு ஒரு வார்த்தைகூட வேண்டாம். வெறும் ம் மட்டும். கடைசியாக வந்ததை முதலில் போடுங்கள்.

யார் இது என்று திரும்பக் கேட்பாள். கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ ஒருவர் கொடுத்தார் என்று சொல்லுங்கள். மூக்கில் மரு இருந்தது, ஆடு, மீன் என்று ஏதோ பேசினார் என்றெல்லாம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன், நான் கொடுத்தேன் என்று மட்டும் ஒருத்தரிடமும் மூச்சு விடாதீர்கள். நான் கொடுத்தேன் என்று தெரிந்தால், அது அவள் அம்மா என்று நம்பமாட்டாள்.